பகிர்ந்தவர் அமைத்த ஒலிக்கூடம்

வீட்டின் ஓர் அறையிலேயே இசையைப் பதிவு செய்து முடிக்கலாம் என்ற காலம் வந்துவிட்ட பிறகு, இளைஞர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளும் மாறிவிட்டன. “எந்த இசைத்தயாரிப்பு மென்பொருளை வாங்கலாம்? எந்தெந்தச் செருகுநிரல்கள் தேவைப்படும்?” என்று கேட்டு நம் பாடற்குழுவினர் சிலர் அண்மையில் வந்தனர். அவர்கள் ‘பிளகின்’ என்று வழங்கும் செருகுநிரல், முதன்மை மென்பொருளோடு இணைந்து இயங்கும் சிறு நிரலாகும். ஒன்று வயலினாக ஒலிக்கும். மற்றொன்று குரலுக்கு மண்டபத்தின் முழக்கத்தைக் கொடுக்கும். வேறொன்று சுருதியைத் திருத்தும். அவர்கள் கையில் நீண்டதொரு பட்டியல். அதன் அடியில், அவர்களது ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிடக்கூடிய ஒரு தொகை. உடனே விடை கூற நமக்குத் துணிவு வரவில்லை. இதே கேள்விக்கு முன்பொரு முறை அவசரமாக விடை கண்டு, அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் நாம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கின் மூத்த பாடகர் ஒருவரின் குரலில் 12 பாடல்களைப் பதிவு செய்தோம். மாடியறையின் சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஓர் ஒலிவாங்கியும் ஒரு கணினியும் கொண்டு நடந்த பதிவு அது. பின்னணி இசை முழுவதும் செருகுநிரல்களிலிருந்தே பிறந்தது. பாடல்கள் ஏறக்குறைய முடிந்த நிலையில் வேறு பணிகள் குறுக்கிட்டன. பிறகு முடித்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டோம். பெரியவர் மறைந்தார். அவரது முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காகக் கோப்பைத் திறக்க முயன்றபோது, புதிய கணினியில் அது திறக்கவில்லை. செருகுநிரல்களின் உரிமத்தைச் சரிபார்க்கும் சேவையும் நிறுத்தப்பட்டிருந்தது. பின்னணி இசை ஊமையாகிப் போயிற்று. குரல் மட்டும், எந்தத் துண்டு எந்தப் பாடலுக்குரியது என்ற குறிப்பேதுமின்றி, நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகச் சிதறிக் கிடந்தது.

இழப்புக்கு ஒருவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நாம் தேர்ந்தெடுத்தபோது, “இது என்னவெல்லாம் செய்யும்?” என்று மட்டும் கேட்டோம்; “இதற்குள் வைத்ததை நாளை வெளியே எடுக்க முடியுமா?” என்று கேட்கவில்லை. வீட்டு ஒலிக்கூடத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டினால், இந்த இரண்டாம் கேள்வியே அவ்வரலாற்றின் உயிர்நாடி என்பது விளங்கும்.

குறைவில் விளைந்த நிறைவு

வீட்டில் ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் கணினியோடு தோன்றியதன்று. அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால், 1940-களிலேயே தம் வீட்டுக் கொட்டகையில் பதிவு செய்துவந்தார். பின்னர் ஒலிநாடாக் கருவி கிடைத்ததும், ஏற்கெனவே பதிந்ததன்மேல் புதிய இசையைச் சேர்த்துப் பதியும் முறையைக் கையாண்டார். அவரும் மேரி ஃபோர்டும் இணைந்து 1951-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடல், இவ்வாறு அடுக்கடுக்காகச் சேர்க்கப்பட்டதே. அம்முறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. புதிய அடுக்கு சேரும்போது பழைய பதிவு தனித்து நிற்பதில்லை. கடைசி அடுக்கில் ஒரு பிழை நேர்ந்தால், அதுவரை செய்ததனைத்தும் வீண். ஆகவே ஒவ்வோர் அடுக்கையும் பதியுமுன் என்ன வேண்டும் என்பதை அவர்கள் உறுதியாக அறிந்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு விசையை அழுத்திப் பிழையை அழித்துவிடும் நமக்கு, அந்த உறுதி தேவைப்படுவதில்லை. அதனாலேயே அது நம்மிடம் வளர்வதுமில்லை.

1979-இல் ஜப்பானின் டீயாக் நிறுவனம், ‘போர்டாஸ்டூடியோ’ என்ற சிறு கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியலாம் என்பதே அதன் சிறப்பு. 1982 ஜனவரியில், பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியிலுள்ள தம் இல்லத்தில் இக்கருவியைக் கொண்டு சில பாடல்களைப் பதிந்தார். குழுவினருக்குப் பாடிக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவே அவர் கருதியது. பின்பு முழு இசைக்குழுவோடு, முறையான ஒலிக்கூடத்தில் அவற்றைப் பதிந்து பார்த்தபோது, வீட்டுப் பதிவிலிருந்த உயிர்ப்பு அதில் அமையவில்லை. முடிவில், சட்டைப் பையில் உறையின்றிக் கிடந்த அந்தக் கேசட்டே அவ்வாண்டு ‘நெப்ராஸ்கா’ என்ற தொகுப்பாக வெளிவந்தது. நான்கு தடங்கள் போதாதென்று அவர் கருதியிருந்தால், உலகம் அந்தத் தொகுப்பைப் பெற்றிராது. கருவியின் எல்லை கலையின் எல்லையாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

ஐந்து ஊசிகளின் உடன்படிக்கை

இக்காலத்திலேயே வேறொரு திசையிலும் மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. மின்னணு இசைக்கருவிகள் பல நிறுவனங்களிலிருந்து வரத் தொடங்கியிருந்தன. ஆயினும் ஒரு நிறுவனத்தின் கருவி, மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மொழி வைத்திருந்தனர். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும், கலிபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித்தும் இந்நிலை மாற வேண்டுமென எண்ணினர். பொதுவானதொரு இணைப்பு முறைக்கான திட்டத்தை, 1981-இல் ஒலிப்பொறியாளர் மாநாடொன்றில் ஸ்மித் முன்வைத்தார். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகர் கண்காட்சியில், போட்டி நிறுவனங்களான அவ்விருவரின் கருவிகளும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றின் கட்டையை அழுத்த, மற்றொன்று ஒலித்தது. ‘மிடி’ என்று பெயர்பெற்ற அம்முறையின் முதல் வரையறை அதே ஆண்டில் வெளியாயிற்று.

மிடி ஒலியை அனுப்புவதில்லை. எந்தச் சுரம், எப்போது தொடங்கிற்று, எவ்வளவு அழுத்தமாக வாசிக்கப்பட்டது, எப்போது நின்றது என்னும் கட்டளைகளை மட்டுமே அனுப்புகிறது; நொடிக்கு 31,250 பிட்டுகள் என்ற எளிய வேகத்தில், ஐந்து ஊசிகள் கொண்ட இணைப்பின் வழியாக. இதன் பெருமை பொறியியலில் மட்டும் இல்லை. இதைப் பயன்படுத்த எவரும் உரிமத்தொகை செலுத்த வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்களே, அம்முடிவில்தான் இருக்கிறது. இதை முற்றிலும் தன்னலமற்ற கொடை என்று புகழ்ந்துவிடவும் வேண்டாம். பிற கருவிகளோடு பேசாத கருவியை வாங்க மக்கள் தயங்குவர் என்ற வணிகக் கணக்கும் அதில் இருந்திருக்கும். எனினும், கதவில் சுங்கம் வைக்கக்கூடியவர்கள் வைக்காமல் விட்டனர் என்பது உண்மை. ககேஹாஷியும் ஸ்மித்தும் 2013-இல் இதற்காகத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது பெற்றனர். முன்னவர் 2017-இலும் பின்னவர் 2022-இலும் மறைந்தனர். அவர்கள் அமைத்த முதல் வரையறைக்கு இணங்கிய கருவிகள் இன்றும் புதிய கணினிகளோடு பேசுகின்றன.

அறைக்குள் வந்த கூடம்

மிடியின் பயனை வீட்டுக்குக் கொண்டுவந்தது கணினியே. 1985-இல் வெளிவந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி இணைப்பு உள்ளேயே அமைந்திருந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஸ்டைன்பெர்க்கும் மான்ஃபிரெட் ரியூருப்பும் தொடங்கிய நிறுவனம், அந்தக் கணினிக்காக 1989-இல் ‘கியூபேஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. இசையின் பகுதிகளைத் திரையில் கட்டங்களாகக் கண்டு, நகர்த்தி, அடுக்கும் முறை அதில் அமைந்தது. இன்று நம் இளைஞர்கள் திரையில் காணும் தோற்றம் பெரும்பாலும் அதன் வழிவந்ததே. 1991-இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ‘புரோ டூல்ஸ்’, ஒலியையே கணினியில் பதிந்து திருத்த வழி செய்தது. அதன் முதல் அமைப்பு நான்கு தடங்களைக் கொண்டது; விலையோ 6,000 டாலர்.

வீட்டு ஒலிக்கூடம் என்னும் கருத்து நம் மண்ணிலும் அப்போது வேரூன்றியது. சென்னைக் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டையொட்டி அமைத்த ‘பஞ்சதன்’ கூடத்திலிருந்துதான் 1992-இல் ‘ரோஜா’ படத்தின் இசை உருவாயிற்று. பெரிய அரங்கில் பலர் ஒருங்கே அமர்ந்து வாசிக்க, பாடகரும் உடனிருந்து பாடிய வழக்கத்துக்குப் பக்கத்தில், ஓர் அறையில் இரவெல்லாம் அடுக்கடுக்காக இசையைக் கட்டியெழுப்பும் வழக்கமும் தமிழ்த்திரையில் இடம்பெற்றது.

இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் 1996-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஸ்டைன்பெர்க் நிறுவனம், தன் கியூபேஸ் மென்பொருளில் பிறருடைய நிரல்களும் வந்து பொருந்துவதற்கான முறையை அறிமுகம் செய்து, அதன் வரையறையை மற்றவர்களுக்கும் வழங்கியது. ‘வி.எஸ்.டி.’ என்பது அதன் பெயர். 1999-இல் இம்முறை விரிவடைந்து, இசைக்கருவிகளும் செருகுநிரல்களாக வரலாயின. பெரிய நிறுவனம் மட்டுமன்றி, தம் அறையில் தனித்திருந்து நிரல் எழுதும் ஒருவரும் உலகக் கலைஞர்களுக்குக் கருவி செய்து தரக்கூடிய நிலை உருவாயிற்று. இன்று இளைஞர்களைத் திகைக்கவைக்கும் பல்லாயிரம் செருகுநிரல்கள், அந்த ஒரு கதவு திறந்ததன் விளைவே.

செருகுநிரலுக்குள் இருக்கும் நினைவு

செருகுநிரல்களைத் தேர்ந்தெடுப்பவர், அவை எதன் நினைவு என்பதை அறிந்தால் நன்று. முழக்கம் தரும் செருகுநிரலை எடுத்துக்கொள்வோம். 1947-இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், ஹார்மோனிகாட்ஸ் குழுவின் பாடலுக்கு முழக்கம் சேர்க்க விரும்பி, ஒலிக்கூடத்தின் குளியலறையையே அதற்குப் பயன்படுத்தினார். 1957-இல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம், தொங்கவிடப்பட்ட பெரிய எஃகுத் தகட்டை அதிரச் செய்து முழக்கம் பெறும் கருவியைக் கொணர்ந்தது. அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய மான்ஃபிரெட் ஷ்ரோடர், கணக்கீட்டினாலேயே முழக்கத்தை உருவாக்கும் வழியைக் கண்டார். அவ்வழியில் எழுதப்பட்ட ‘ஃப்ரீவெர்ப்’ என்னும் நிரல், 2000-இல் எவரும் எடுத்தாளும் பொதுச்சொத்தாக வெளியாயிற்று. குளியலறையும், எஃகுத் தகடும், அறிவியலாரின் கணக்கும் ஒரு சிறு நிரலுக்குள் அடங்கிவிட்டன.

கட்டடம் ஒன்றின் முழக்கத்தையே அளந்தெடுத்து, வேறிடத்தில் பாடிய குரலுக்கு அணிவிக்கும் முறையும் உண்டு. கான்ஸ்டாண்டிநோபிளில் 537-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோபியா பேராலயத்தினுள், ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலூன்களை உடைத்து, அவ்வோசை தேய்ந்து மறைவதைப் பதிவு செய்தனர். அது மறைய ஏறத்தாழ 11 நொடிகள் ஆயின. அப்பதிவைக் கொண்டு, அமெரிக்காவில் பாடிய கப்பெல்லா ரொமானா குழுவின் குரல்கள் அந்தப் பேராலயத்தில் ஒலிப்பதுபோல் அமைக்கப்பட்டு, 2019-இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

வியப்புக்குரியதே. ஆனால் அந்தக் குழு பாடத் தெரிந்த குழு என்பதை மறந்துவிடலாகாது. 1997-இல் வந்த ‘ஆட்டோ-டியூன்’, நிலத்தடி எண்ணெய் வளத்தைத் தேடும் ஒலியலை ஆய்வில் ஈடுபட்டிருந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் என்ற பொறியாளரின் ஆக்கம். அது பிசகிய சுருதியைச் சீர்செய்யும். பாடுபவரின் உள்ளத்தில் இல்லாத உணர்வைச் சேர்க்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் நாளிலோ, கூடத்தை நேராக்கித் தரும் செருகுநிரலையும் வாங்கிவிட்டு, பிறகும் ஆடாமல் இருக்கிறோம்.

மூடப்பட்ட கதவுகள்

திறந்த கதவுகள் எப்போதும் திறந்தே இருப்பதில்லை. மிடிப் பதிவையும் ஒலிப்பதிவையும் ஒரே மென்பொருளில் 1990-இல் முதன்முதலாக இணைத்துத் தந்தது ஓப்கோடு என்ற நிறுவனம். 1998-இல் அது வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டே அதன் படைப்புப் பணி நின்றுபோயிற்று. ‘லாஜிக்’ மென்பொருளை உருவாக்கிய ஜெர்மானிய நிறுவனத்தை 2002-இல் ஆப்பிள் வாங்கியபோது, விண்டோஸ் கணினிகளுக்கான அதன் பதிப்பு நிறுத்தப்பட்டது. ‘கேக்வாக்’ மென்பொருளின் ஆக்கப் பணியை அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் 2017-இல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு வேறொருவர் வாங்கி அதற்கு மறுவாழ்வு அளித்தார். ஒவ்வொரு முறையும், இடையில் சிக்கியவை எத்தனையோ பேரின் முடிவுறாப் பாடல்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வி.எஸ்.டி. என்னும் கதவும் இதற்கு விலக்கன்று. அதன் இரண்டாம் பதிப்புக்குப் புதிதாக உரிமம் தருவதை ஸ்டைன்பெர்க் 2018-இல் நிறுத்தியது. ஒருவருக்குச் சொந்தமான கதவை அவரே மூடவும் முடியும் என்பதை உணர்ந்த இரண்டு ஜெர்மானிய நிறுவனங்கள், 2022-இல் ‘கிளாப்’ என்ற கட்டற்ற முறையை வெளியிட்டன. 2025-இல் ஸ்டைன்பெர்க்கும் வி.எஸ்.டி.யின் மூன்றாம் பதிப்பைக் கட்டற்ற உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தது. 1983-இல் இருவர் எடுத்த முடிவை நோக்கியே, சுற்றிச் சுற்றி அனைவரும் திரும்பி வருவது போலத் தோன்றுகிறதன்றோ!

நாம் கூறிய விடை

பட்டியலோடு வந்த இளைஞர்களுக்கு, இவ்வரலாற்றைச் சொல்லியபின் நாம் கூறியவை சிலவே.

முதலாவது, காதுக்கும் அறைக்கும் முதலிடம் தருதல். நல்லதோர் ஒலிவாங்கி, உண்மையை மறைக்காத ஒரு காதொலிப்பான், எதிரொலியை அடக்கும் கனத்த துணிகள். இவை இல்லாமல் பதிந்ததை எந்தச் செருகுநிரலும் முழுமையாகச் சீர்செய்யாது.

இரண்டாவது, ஒரே மென்பொருளில் நிலைத்திருத்தல். பதிதல், வெட்டி ஒட்டுதல், ஒலியளவைச் சமன்செய்தல் என்னும் அடிப்படைப் பணிகளை முன்னணி மென்பொருள்கள் எல்லாமே செய்கின்றன. ஆப்பிள் கணினி வைத்திருப்பவருக்கு ‘கராஜ்பேண்ட்’ இருக்கிறது. 2000-இல் வெளிவந்த ‘ஆடசிட்டி’, எளிய பதிவுகளுக்குப் பொருள்செலவின்றிப் பயன்படும். ‘ரீப்பர்’, வாங்குமுன் 60 நாள்கள் முழுமையாகச் சோதித்துப் பார்க்க இடமளிக்கிறது. ஏதேனும் ஒன்றில், அதனோடு வரும் செருகுநிரல்களை மட்டும் கொண்டு, மூன்று பாடல்களை முற்றாக முடிக்க வேண்டும். நான்காம் பாடலின்போது எது குறைகிறதென்று கை தானே சொல்லும். அப்போது எழுதும் பட்டியல் சிறியதாக இருக்கும்.

மூன்றாவது, கதவுகளைச் சோதித்தல். ஒவ்வொரு மென்பொருளும் எல்லாச் செருகுநிரல்களையும் ஏற்பதில்லை. லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஆப்பிளின் ‘ஆடியோ யூனிட்’ முறையை ஏற்கும். புரோ டூல்ஸ் தனக்கே உரிய ‘ஏ.ஏ.எக்ஸ்.’ முறையைக் கேட்கும், கியூபேஸ் வி.எஸ்.டி.யை நாடும். வாங்கவிருக்கும் செருகுநிரல் எந்த முறையில் வருகிறது, உரிமத்தைச் சரிபார்க்க எதை நம்பியிருக்கிறது என்பவற்றைப் பணம் கொடுக்குமுன் கேட்டறிய வேண்டும்.

நான்காவது, களவாடிய நிரலைத் தொடாதிருத்தல். பூட்டு உடைக்கப்பட்ட செருகுநிரல்களை இளைஞர்கள் வெகு இயல்பாகக் கைமாற்றிக்கொள்கின்றனர். அவற்றுள் பல, தனியொருவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதியவை. விருப்பத்தோடு இலவசமாகத் தருவோர் இத்தனை பேர் இருக்க, தர விரும்பாதவரிடம் பறிப்பதற்கு வறுமையையும் காரணம் காட்ட இயலாது.

இறுதியாக, பாடல் முடிந்த அன்றே பிரதி எடுத்தல். ஒவ்வொரு தடத்தையும் பாடலின் தொடக்கப்புள்ளியிலிருந்து முடிவுவரை சாதாரண ‘வேவ்’ கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். 1991-இல் வகுக்கப்பட்ட அவ்வடிவத்தை இன்று ஏறக்குறைய எல்லா மென்பொருள்களும் படிக்கும். வாசித்த சுரங்களை மிடிக் கோப்பாகவும், தாள வேகத்தையும் சுருதியையும் பாடியவர் பெயரையும் ஒரு குறிப்பாகவும் உடன் வைக்க வேண்டும். நம்மை அறியாத ஒருவர், நாம் கேள்விப்பட்டிராத ஒரு மென்பொருளில், அதைத் திறக்கக்கூடும்.

பெரியவரின் குரல் துண்டுகளை இளைஞர்கள் பல வாரம் கேட்டுக் கேட்டு ஒழுங்குபடுத்தினர். 12 பாடல்களில் 9 மீண்டன, மூன்று மீளவில்லை. பின்னணி இசை எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. நினைவு நாளன்று அவரது குரல், துணை ஏதுமின்றித் தனித்தே ஒலித்தது. இரண்டாம் பாடலின் நடுவே அவர் மெல்ல இருமி, மீண்டும் எடுத்துப் பாடியதைக்கூட நீக்காமல் விட்டிருந்தனர். அவர் வீட்டார் அந்த இடத்தில்தான் முதலில் அழுதனர்.

கருவிகள் மாறும்; அவற்றைச் செய்தவர்கள் மறைவார்கள். பிறருக்கும் பயன்படட்டும் என்று திறந்து வைக்கப்பட்டவையே, அந்த அறையில் அன்று அந்தக் குரலை நமக்குக் காத்துத் தந்தன. பட்டியலைக் கொண்டுவந்த இளைஞர்கள், இப்போது முதல் பாடலைப் பதிந்துகொண்டிருக்கின்றனர். பட்டியல் நம் மேசையிலேயே கிடக்கிறது. அதைக் கேட்டு இன்னும் எவரும் வரவில்லை.